பத்து நாள் ஸ்டிரைக்: ரத்தத் தொழிற்சாலையை முடக்கும் வைரஸ்

1975, லண்டன். தானமாகப் பெற்ற ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொண்டிருந்தார் பெண் விஞ்ஞானி இவோன் காசார்ட். 'பி' வரிசையின் 19-வது மாதிரியில் புதிதாக ஒரு வைரஸ் சிக்கியது. மாதிரியின் எண்ணே அதற்குப் பெயரானது: பார்வோவைரஸ் பி19.

குழந்தைகளுக்கு லேசான காய்ச்சல், அறை வாங்கியதுபோலச் சிவக்கும் கன்னங்கள்... வெளியே தெரிவது இவ்வளவுதான். விஷயம் எலும்பு மஜ்ஜைக்குள் நடக்கிறது.

மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்களிலிருந்துதான் ரத்த அணுக்கள் எல்லாமே உருவாகின்றன. சிவப்பணுக்கள் மட்டும் நொடிக்குச் சுமார் 20 லட்சம்! பி19 குறிவைப்பது, ஸ்டெம் செல்லிலிருந்து பிறந்து சிவப்பணுவாக வளர்ந்துகொண்டிருக்கும் இளம் செல்களை. அந்தச் செல்களுக்குள் அது நுழைகிறது.

நுழைந்ததும் 'என்எஸ்1' என்ற புரதத்தை உருவாக்குகிறது. இந்தப் புரதம் செல்லின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும்; செல் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கும்; கடைசியில் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளச் செய்யும். விளைவு, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை சிவப்பணு உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

ஆரோக்கியமானவர்களுக்கு இது தெரிவதே இல்லை. காரணம், சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். பத்து நாள் மோட்டார் ஓடாவிட்டாலும், மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கும். ஆனால், அரிவாள் செல் சோகை உள்ளவர்களின் சிவப்பணு 10 முதல் 20 நாள்தான் வாழும். அவர்களுடையது சின்னத் தொட்டி. உற்பத்தி நின்ற சில நாள்களிலேயே ஹீமோகுளோபின் உயிருக்கு ஆபத்தான அளவுக்குச் சரியலாம். இந்தத் திடீர் சரிவுக்கு பி19-தான் காரணம் என்பது 1981-ல் தெரியவந்தது.

நீலகிரி பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் இருப்பது 1952-லேயே கண்டறியப்பட்டது. அதனால், இது நம் ஊர்க் கவலையும்கூட.

அரிவாள் செல், தலசீமியா போன்ற பரம்பரைச் சோகை உள்ள குழந்தை திடீரென வெளிறிப்போனாலோ, மூச்சு வாங்கினாலோ, 'வழக்கமான சோர்வுதானே' என்று விடக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட்டுகளை எண்ணிப் பார்த்தாலே, மஜ்ஜை வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். கர்ப்பிணிகளும் கவனமாக இருக்க வேண்டும். கருவில் உள்ள சிசுவையும் இந்த வைரஸ் தாக்கலாம்.

பி19-க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால், பெரும்பாலானவர்களுக்கு உடலே எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கி வைரஸை விரட்டிவிடும். மஜ்ஜையும் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். அதுவரை தாக்குப்பிடிக்க, சரியான நேரத்தில் ஏற்றப்படும் ரத்தம் போதும். யாரோ ஒருவர் தானமாகக் கொடுத்த ரத்தம்தான் அது!