மருந்தின் பெயரை அறிவது நோயாளியின் உரிமை

கண்டி நகரிலும் அதனைச் சூழவுள்ள கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை போன்ற பிரதேசங்களிலும் மாலை வேளைகளில் தனியார் டிஸ்பென்சரிகளின் முன்னால் மக்கள் காத்திருப்பது வழமையான காட்சியாகும். வைத்தியரே நோயாளியைப் பரிசோதித்து, மருந்தையும் வழங்கி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே தொகையை அறவிடுவதே பல இடங்களில் நடைமுறை. இதில் வசதி உண்டு. ஆயினும் கையில் கிடைக்கும் சிறிய கடதாசி உறையில் 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்றிருக்குமே தவிர, மருந்தின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை.

இது சிறிய விடயமன்று. ஒவ்வாமை ஏற்பட்டு இரவில் அரசாங்க வைத்தியசாலைக்கு ஓடும் நோயாளியால், தாம் உட்கொண்டது எதுவெனக் கூற முடிவதில்லை. ரமழானில் நோன்பு நோற்கும் நீரிழிவு நோயாளி, மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றுவது குறித்து வேறொரு வைத்தியரிடம் ஆலோசனை பெற விரும்பினாலும் மருந்தின் பெயர் தெரிந்திருத்தல் அவசியம்.

பெயர் தெரியாவிடின் விலையையும் ஒப்பிட முடியாது. நாம் 'பனடோல்' என்று அழைப்பது வர்த்தகப் பெயராகும். அதிலுள்ள மருந்தின் பொதுப் பெயர் பரசிட்டமோல். ஒரே மருந்து பல வர்த்தகப் பெயர்களில், பல விலைகளில் விற்கப்படுகின்றது. துண்டில் வர்த்தகப் பெயர் மாத்திரம் எழுதப்பட்டால், மலிவானது இருப்பதையே நோயாளி அறியமாட்டார். பணம் போதாதவர் துண்டிலுள்ள மருந்தில் பாதியை மட்டும் வாங்கிச் செல்கின்றார். நோயும் பாதியே தீர்கின்றது.

இதனை அன்றே உணர்ந்தவர், பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக விளங்கிய பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் அவரும் டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் சமர்ப்பித்த அறிக்கையின் வழியே அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானது. தனியார் துறைக்கான மருந்துகளின் எண்ணிக்கை சுமார் 2100 இலிருந்து 600 அளவுக்குக் குறைக்கப்பட்டது. 1977 இல் அவர் கயானாவில் காலமானார்.

அவரது எண்ணம் சட்டமாவதற்கு நீண்டகாலம் சென்றது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையை உருவாக்கியதுடன், மருந்துச் சிட்டையில் பொதுப் பெயர் எழுதப்பட வேண்டுமெனவும் கூறியது. 2016 இல் 48 மருந்துகளுக்கு உச்சபட்ச விலை நிர்ணயிக்கப்பட்டது. எனினும் 2022 இன் நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது மருந்து விலைகள் கடுமையாக உயர்ந்தன. அவ்வாண்டு மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலையில், மருந்துத் தட்டுப்பாட்டினால், முன்கூட்டியே திட்டமிடப்பட்ட சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டதை இப்பிரதேச மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மலிவான மருந்துகளின் தரம் குறித்து வைத்தியர்கள் வெளியிடும் ஐயத்தை நாம் புறந்தள்ளவில்லை. அதற்கான பரிகாரம் தரப் பரிசோதனையைப் பலப்படுத்துவதேயன்றி, நோயாளியிடம் பெயரை மறைப்பதன்று.

உறையில் மருந்தின் பொதுப் பெயரையும் அளவையும் எழுதுவதற்கு ஒரு நிமிடமும் செல்லாது. வைத்தியர்கள் இதனைத் தாமாகவே கடைப்பிடிக்க வேண்டும். அதிகாரசபை சட்டத்தை நடைமுறைப்படுத்த வேண்டும். மக்களும், "இந்த மருந்தின் பெயர் என்ன, இதைவிட விலை குறைந்தது உண்டா?" என்று தயக்கமின்றிக் கேட்க வேண்டும். இக்கேள்வி வைத்தியரை அவமதிப்பதாகாது. அது நோயாளியின் உரிமையாகும் என்பதே எமது நிலைப்பாடாகும்.