பாசிமணித் தடம் – 9: சுடரில் சுற்றிய மணி

சென்ற வாரம் அரிக்கமேட்டு மணிகளைப் பார்த்தோம். உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, ஆறவைத்து, பொடிப்பொடித் துண்டுகளாக நறுக்கி, மறுபடி சூடு காட்டி முனை மழுக்கிய மணிகள் அவை. திருப்பதிக்குப் பக்கத்தில் பாப்பாநாயுடுபேட்டையில் அதே வகை இழுவை மணித் தொழில் நம் காலம் வரை வந்து சேர்ந்ததையும் சொன்னேன். அதற்குப் பெரிய உலை வேண்டும், பல பேர் கை வேண்டும். இந்த வாரம் எடுத்துக்கொள்வது ஒரு மேசை, ஒரு சுடர், ஒரு ஆள் என்று அடங்கிவிடும் முறை. ஆங்கிலத்தில் லாம்ப்வொர்க் என்பார்கள். சுடர்வேலை என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலேயே பழகலாமா என்று கேட்டு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். பழகலாம். எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

இழுத்த மணி எது, சுற்றிய மணி எது என்று கண்டுபிடிக்க ஒரு லென்ஸ் போதும். கண்ணாடிக்குள் சிக்கிய காற்றுக்குமிழிகளைப் பாருங்கள். அவை துளையின் போக்கிலேயே நீண்டு கிடந்தால் அது இழுத்துச் செய்த மணி. துளையைச் சுற்றி வளைந்து ஓடினால் கம்பியில் சுற்றிச் செய்த மணி. அருங்காட்சியகத்தில் ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

வீட்டுக்குள் வந்த தொழில்

உலைத் தீ ஊருக்கு ஆபத்து என்று வெனிஸ் 1291-இல் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றியது. ஆனால் ஏற்கெனவே செய்த கண்ணாடிக் கம்பியை உருக்கி மணி சுற்ற உலை எதற்கு? எண்ணெய் விளக்கும், சுடரைக் கூராக்கக் காலால் மிதிக்கும் துருத்தியும் இருந்தால் ஆயிற்று. நம் ஊர்ப் பத்தர் விளக்குச் சுடரை ஊதுகுழலால் ஊதி நகையைப் பற்றவைப்பதும் இதே வித்தைதான். காற்றைச் செலுத்தினால் சாதாரணச் சுடர் உலோகத்தையும் கண்ணாடியையும் இளக்கும் சுடராகிவிடுகிறது.

பிறகு எண்ணெய் போய் எரிவாயு வந்தது. வெனிஸில் பெர்லேரே எனப்பட்ட பெண்கள் வீட்டிலும் சிறு பட்டறையிலும் உட்கார்ந்து இந்த மணிகளைச் செய்தார்கள். சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே நடந்த தொழில் அது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ, இத்தாலி, பிரான்ஸ் இரண்டு நாடுகளின் கண்ணாடி மணிக் கலையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் வாரணாசி இந்த வேலைக்குப் பேர்போன ஊர். அங்கத்திய கண்ணாடி மணிக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

பொழுதுபோக்காக இது பரவியது அமெரிக்காவில், 1990-களில். எரிவாயு மட்டும் போதும், ஆக்சிஜன் தேவையில்லை என்ற சின்ன டார்ச்சுகள் கிடைத்ததும் வீட்டு கராஜ்கள் மணிப் பட்டறைகளாயின.

மேசையில் என்ன வேண்டும்?

முதலில் கண்ணாடிக் கம்பி. எந்தக் கண்ணாடியும் சூட்டில் நீளும், ஆறினால் சுருங்கும். எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முரானோவின் எஃபெட்ரே நிறுவனக் கம்பிகளை 104 என்ற எண்ணால் குறிப்பார்கள். ஒரு டிகிரி சூடு ஏறினால் ஒரு கோடியில் 104 பங்கு நீளும் என்று பொருள். சோதனைச்சாலைக் குடுவைகளின் போரோசிலிகேட் கண்ணாடிக்கு இந்த எண் 33. இரண்டையும் ஒரே மணியில் சேர்த்தால், ஆறும்போது ஒன்று அதிகம் சுருங்கும், மற்றொன்று குறைவாகச் சுருங்கும், மணி பிளக்கும். அதனால் உடைந்த வளையல், பாட்டில், ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் கலந்து கட்டி உருக்கக் கூடாது. ஒரே பாட்டிலின் கண்ணாடியை மட்டும் வைத்து ஒரு மணி செய்யலாம், தவறில்லை.

கையில் இருக்கும் இரண்டு கண்ணாடிகள் ஒத்துப்போகுமா என்று பார்க்கப் பழைய சோதனை ஒன்று உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உருக்கி ஒட்டுங்கள். ஒட்டிய இடத்தை மெல்லிய இழையாக இழுத்து ஆறவிடுங்கள். இழை நேராக நின்றால் சேர்க்கலாம். வில்லாக வளைந்தால் அந்த இரண்டும் ஜென்மத்துக்கும் சேராது.

அடுத்தது எவர்சில்வர் கம்பி. மணியின் துளை இதன் தடிமன்தான். 1.6 மில்லிமீட்டர், 2.4 மில்லிமீட்டர் கம்பிகள் வழக்கம். புதிதாகப் பழகுபவர்களுக்குத் தடித்தது நல்லது, சூட்டில் வளையாது. வெறும் கம்பியில் கண்ணாடியைச் சுற்றினால் கம்பியை உருவ முடியாது. அதனால் சீனக் களிமண்ணும் அலுமினாவும் கலந்த குழம்பில் முனையைத் தோய்த்துக் காயவைக்க வேண்டும். இந்தப் பூச்சு சீராக இருக்கட்டும். நடுவில் உதிர்ந்தால் மணி கம்பியோடு ஒட்டிக்கொள்ளும்.

டார்ச்சைப் பொறுத்தவரை, எரிவாயு மட்டும் போதும் என்ற வகையே தொடக்கத்துக்குச் சரி. சத்தம் அதிகம், சூடு கொஞ்சம் மட்டு. ஆனால் கை பழக அந்த நிதானம் உதவும். ஆக்சிஜனும் சேர்ந்து எரியும் டார்ச்சுக்குப் பிறகு மாறலாம். சின்ன டார்ச்சாக இருந்தால், நோயாளிகளுக்குப் பயன்படும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரே போதும் என்று பலர் சமாளிக்கிறார்கள். ஆக்சிஜன் குழாயின் இணைப்பில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டர் சமையலுக்கு மட்டும்தான், வேறு வேலைக்கு எடுப்பது சட்டப்படி தவறு. வெளிச்சந்தையில் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டர் இந்த வேலைக்குக் கணக்காக இருக்கும். சமையல் அடுப்பின் ரெகுலேட்டரை இதில் மாட்டாதீர்கள். டார்ச்சுக்குச் சொன்ன ரெகுலேட்டர், அதற்கென்ற குழாய், சோப்பு நீர் தடவிக் கசிவு பார்ப்பது, மூன்றையும் விடக் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே காற்றோட்டம் இல்லாத கீழறை வேண்டாம்.

கண்ணுக்கு டிடிமியம் கண்ணாடி. கண்ணாடியிலுள்ள சோடியம் சுடரில் பட்டதும் பளீரென்று மஞ்சளாக எரியும். அந்த வெளிச்சத்தில் மணியே தெரியாது. டிடிமியம் அந்த மஞ்சளை மட்டும் வடிகட்டிவிடும். சாதாரணக் கூலிங்கிளாஸால் இது ஆகாது. பருத்தி உடை, கட்டிய கூந்தல், மேசைமேல் இரும்புத் தகடு, கை எட்டும் தூரத்தில் தீயணைப்பான், புகையை வெளியே தள்ளும் விசிறி ஆகியவையும் வேண்டும். பாலியஸ்டர் துப்பட்டாவை அடுத்த அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

முதல் மணி

கண்ணாடிக் கம்பியைச் சுடருக்குள் நேரே நீட்டினால் பட்டென்று வெடித்துத் துண்டுகள் பறக்கும். வெளிப்புறம் சூடாகி விரியும்போது உள்ளே இன்னும் குளிர்ந்தே இருப்பதுதான் காரணம். சுடரின் கடைசி நுனியில் காட்டி, எடுத்து, மறுபடி காட்டி, மெதுவாக உள்ளே கொண்டுவர வேண்டும். முனை சிவந்து உருண்டு பட்டாணி அளவு சேரும் வரை கம்பியை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டே இருங்கள். அதே நேரம் இடது கையில் எவர்சில்வர் கம்பியும் சுடருக்குக் கீழ்ப்பக்கம் சூடாகட்டும். பூச்சு செம்மஞ்சளாக ஒளிர்ந்தால்தான் கண்ணாடி அதைப் பற்றும்.

உருகிய கண்ணாடியைப் பாகுப் பதத்தில் பிடிக்க வேண்டும். இளகியிருந்தால் சொட்டும், இறுகியிருந்தால் இழுபடும். பதம் வந்ததும் கம்பியில் தொட்டு, எவர்சில்வர் கம்பியை உங்களை விட்டு அப்பால் போகும்படி உருட்டுங்கள். கண்ணாடி தானாகச் சுற்றிக்கொள்ளும். சுற்று முடிந்ததும் சுடரைக் கொண்டே இணைப்பை அறுத்துவிடுங்கள்.

இனி உருண்டையாக்க எந்தக் கருவியும் வேண்டாம். உருகிய கண்ணாடி தன் பரப்பு இழுவிசையால் தானே உருளும். கம்பி கிடைமட்டமாக இருக்க வேண்டும், ஒரே சீராகச் சுழல வேண்டும், அவ்வளவுதான். கை ஒரு நொடி நின்றால் மணி ஒரு பக்கம் தொங்கும். பதற வேண்டாம், கம்பியைத் திருப்பி, தொங்கிய பக்கத்தை மேலே வைத்துச் சூடு காட்டினால் புவியீர்ப்பே சரிசெய்யும். கிராஃபைட் பட்டையில் உருட்டிச் சரிசெய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். சுழற்சி கைக்கு வரும் வரை பட்டையைத் தொடாமல் இருப்பது நல்லது.

மணியின் இரண்டு முனைகளைப் பாருங்கள். செய்தவரின் தரம் அங்கேதான் தெரியும். முதல் சுற்று கம்பியில் எவ்வளவு அகலம் பரவியதோ, அதுவே மணியின் அடி. அகலமான அடியில் கொஞ்சம் கண்ணாடி மட்டும் இருந்தால் முனை கூராகக் கம்பியோடு வழிந்து நிற்கும். அந்தக் கூர் நூலை அறுக்கும், கழுத்தைக் கீறும். அடியைக் குறுக்கி, நடுவில் இன்னும் கண்ணாடி சேர்த்தால் முனைகள் உள்ளே மடிந்து சின்னக் குழி விழும். குழி விழுந்த முனைதான் நல்ல மணிக்கு அடையாளம்.

நிறங்கள் வேறு ஏமாற்றும். சிவப்பு, ஆரஞ்சுக் கண்ணாடிகள் சூட்டில் கறுத்துத் தெரியும், ஆறிய பிறகே நிறம் திரும்பும். செம்பு கலந்த நீலப்பச்சை, எரிவாயு மிகுந்த சுடரில் செங்கல் நிறமாகத் தோல் கட்டும். அதையே தந்த நிறத்தோடு சேர்த்தால் இரண்டுக்கும் நடுவே யாரும் வரையாத கரும்பழுப்புக் கோடு ஒன்று விழும். வேதிவினை வரைந்த கோடு அது. தேர்ந்தவர்கள் அதற்காகவே அந்த இரண்டையும் சேர்ப்பார்கள்.

ஆறும் நேரம்

செய்து முடித்த மணியின் வெளித்தோல் முதலில் ஆறி இறுகும். உள்ளே இன்னும் சூடாக இருக்கும் கண்ணாடி பிறகு சுருங்கப் பார்க்கும், தோல் விடாது. அந்த இழுபறி மணிக்குள் அப்படியே உறைந்துவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். மறுநாளோ ஆறு மாதம் கழித்தோ, ஒரு காரணமும் இல்லாமல் இரண்டாக விண்டுவிடும்.

இதற்கு ஒரே மருந்து மின்சூளை. 104 வகைக் கண்ணாடி என்றால் 510 முதல் 520 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். சின்ன மணிகளுக்கு அரைமணி நேரம், பெரியவற்றுக்கு இன்னும் கூடுதல். அந்தச் சூட்டில் உருவம் கலையாமல் உள்இறுக்கம் மட்டும் தளர்ந்துவிடும். பிறகு சுமார் 370 டிகிரி வரை மெதுவாக இறக்கி, சூளையை அணைத்து, கதவைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும்.

சூளை இல்லாதவர்கள் மாடித் தோட்டக் கடையில் விற்கும் வெர்மிகுலைட்டுக்குள் மணியைப் புதைக்கிறார்கள், அல்லது செராமிக் கம்பளிக்குள் செருகுகிறார்கள். சிவப்பு ஒளி மங்கும் வரை சுடருக்கு வெளியே சுழற்றி, அதன் பிறகு புதைத்தால் பெரும்பாலான சின்ன மணிகள் உடனே வெடிக்காமல் தப்பும். ஆனால் இது ஆறும் வேகத்தை மட்டுமே குறைக்கும், இறுக்கத்தைத் தளர்த்தாது. தப்பிய மணிகளைச் சேர்த்துவைத்து, பின்னால் ஒருநாள் மொத்தமாகச் சூளையில் வைத்துக்கொள்ளலாம். பீங்கான் சுடும் நண்பர் யாராவது இருந்தால், வெப்பநிலையைத் துல்லியமாக நிறுத்தும் கருவி அவர் சூளையில் உண்டா என்று கேட்டுவிட்டு அதையே பயன்படுத்தலாம்.

இறுக்கம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டு. எல்.சி.டி. கணினித் திரையை முழு வெள்ளையாக்குங்கள். போலராய்டு கூலிங்கிளாஸைக் கண்முன் பிடித்துத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். அந்தக் கோணத்தை மாற்றாமல், திரைக்கும் கூலிங்கிளாஸுக்கும் நடுவே நிறமில்லாத மணியைப் பிடியுங்கள். இறுக்கம் உள்ள இடம் இருட்டில் வெளிச்சமாகத் தெரியும். ஒளி புகாத நிறங்களில் இது பலிக்காது. அங்கே சூளையை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

கடைசி வேலை துப்புரவு. மணியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கம்பியிலிருந்து உருவுங்கள். துளைக்குள் மிஞ்சிய பூச்சைத் தண்ணீருக்குள் வைத்தே வைர அரத்தால் குடையுங்கள். உலர்ந்த தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது.

பழக நினைப்பவர்களுக்கு, செலவை எந்த வரிசையில் செய்வது என்பதில் என் யோசனை இது. முதல் பணம் கண்ணுக்கும் காற்றோட்டத்துக்கும். இரண்டாவது டார்ச்சுக்கு. மூன்றாவது சூளைக்கு. நிறங்கள் கடைசி. தெளிந்த கண்ணாடி, கறுப்பு, வெள்ளை மூன்றை வைத்துக்கொண்டே உருண்டையையும் குழிமுனையையும் பழகிவிடலாம். பழகும் காலத்து மணிகளை எத்தனை வேண்டுமானாலும் உடையுங்கள், கணக்கு வைக்க வேண்டாம். ஆனால் சூளை காணாத மணியை விற்காதீர்கள். யாருக்கும் பரிசாகவும் கொடுக்காதீர்கள்.

(தொடரும்)