பச்சிளங் குழந்தை உள்ள வீட்டின் உழைப்புக் கணக்கு

சமையற்காரிக்குத் தரப்படும் ஊதியம் நாட்டு வருமானத்தில் சேரும். வீட்டுத் தலைவன் அவளையே மணந்துகொண்டால், சமையல் முன்போலவே நடந்தபோதிலும் நாட்டு வருமானம் குறைந்துவிடும். பொருளியல் அறிஞர் பிகூ 1920ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டிய இம்முரண்பாட்டை மாணவர்கள் ஒரு வேடிக்கையாகப் படித்துவிட்டுச் செல்வது வழக்கம். பச்சிளங் குழந்தை உள்ள வீட்டில் இது வேடிக்கையன்று. கணக்கில் வராத உழைப்பு உச்சநிலையை அடைவதும், உழைப்பவளின் உடல் நலிந்திருப்பதும் அங்கு ஒரே சமயத்தில் நிகழ்கின்றன.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அவற்றில் செலவிடுகின்றனர். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்களே. இது எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான சராசரி. பிறந்த குழந்தைக்கோ முதல் வாரங்களில் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பாலூட்ட வேண்டும். ஒரு முறைக்கு அரை மணி எனக் கொண்டால், அதற்கு மட்டும் 4 முதல் 6 மணி நேரமாகிறது. இவ்விரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 9 முதல் 11 மணி நேரம். அதில் ஒரு பகுதி நள்ளிரவில். குழந்தையின் துணிகளை அலசுவது இதில் இன்னும் சேரவில்லை.

இச்சுமையை நம் முன்னோர் அறியாதவரல்லர். தமிழகத்தில் வளைகாப்பிற்குப் பின் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்துச் செல்வதும், கர்நாடகத்தில் பிரசவித்த தாயைப் 'பாணந்தி' என்று தனித்துப் போற்றிப் பல வாரங்கள் அடுக்களைப் பக்கம் விடாதிருப்பதும் இதற்கான ஏற்பாடுகளே. (குடிநீரைக் குறைத்துக் கொடுக்கும் பழக்கம் மட்டும் மருத்துவத்திற்கு ஒவ்வாதது.) ஆயினும், இவ்வேற்பாட்டால் வேலை குறைந்துவிடவில்லை, பாட்டியின் தோளுக்கும் அத்தையின் தோளுக்கும் மாறியது, அவ்வளவே.

பெங்களூர் நகரில் இம்மாற்றமும் இப்போது எளிதன்று. பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களுள் பலர் வெளியூரிலிருந்து வந்தவர்கள். ஊரிலுள்ள பாட்டியும் கூலி வேலைக்குச் செல்பவராக இருக்கக்கூடும். இதனுடன் தண்ணீரும் சேர்கிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து இறைத்துக் கொண்டுவரப்படும் காவிரி நீர், நகரின் பல பகுதிகளில் ஒருநாள் விட்டு ஒருநாளே குழாயில் வருகிறது. அங்கெல்லாம் துணி துவைக்கும் நாளைக் குழந்தை தீர்மானிப்பதில்லை, குழாய் தீர்மானிக்கிறது.

இந்நிலையில் வேலைகளை எவ்வாறு பங்கிடுவது? மார்கரெட் ரீட் என்ற பொருளியல் அறிஞர் 1934இல் ஓர் அளவுகோலை வகுத்தார். ஒரு செயலை மூன்றாவது நபரிடம் ஒப்படைக்க இயலுமாயின், அது பொருளியல் நோக்கில் உற்பத்தி உழைப்பே ஆகும் என்றார். வீட்டு வேலையை மதிப்பிடவே இது வகுக்கப்பட்டது எனினும், பங்கீட்டிற்கும் பொருந்தும். தாய்ப்பால் ஊட்டுவதையும் தாய் உறங்க வேண்டிய நேரத்தையும் எவரிடமும் ஒப்படைக்க இயலாது. சமையல், பாத்திரம் துலக்குதல், நீர் பிடித்து வைத்தல், துணி துவைத்தல், கடைக்குச் செல்லுதல், பால் குடித்த குழந்தையைத் தோளில் சார்த்தி ஏப்பம் விடச் செய்தல் ஆகிய அனைத்தையும் ஒப்படைக்க இயலும். நடைமுறையில் காண்பதோ இதற்கு நேர்மாறு: விருந்தினர் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்ச, தாய் அவர்களுக்குக் காப்பி கலக்கிறாள். குழந்தை உறங்கும்போது தாயும் உறங்குதல் நலம். அந்நேரத்தில் வீட்டைப் பெருக்குவது சிக்கனமாகாது. பெருக்குவதற்கு வேறு கைகள் உண்டு.

அரசும் இப்பங்கீட்டில் ஒரு தரப்பு எனலாம். கர்நாடகத்தில் 2017 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'மாத்ருபூர்ணா' திட்டம், கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அங்கன்வாடியில் சமைத்த மதிய உணவை வழங்க முற்பட்டது. ஊட்டச்சத்தே இதன் நோக்கம். எனினும் ஒருவேளைச் சமையலின் சுமையையும் இது குறைக்கிறது. பச்சை உடம்புடன் மையம்வரை நடப்பது கடினம் என்பதைத் திட்டமிடுவோர் கருத வேண்டும்.

மகப்பேற்றுச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம், முதலிரு குழந்தைகளுக்கான ஊதிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. அதில் 8 வாரங்களைப் பிரசவத்திற்கு முன்பே எடுத்துக்கொண்ட பெண்ணுக்குப் பின்னர் எஞ்சுவது 18 வாரங்கள். தாய்ப்பால் மட்டுமே ஊட்ட வேண்டிய காலமோ 6 மாதங்கள். இவ்விடைவெளியை நிரப்ப வேண்டியது குழந்தைக் காப்பகம். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகம் இருத்தல் வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு 4 முறை அங்குச் சென்றுவரலாம் என்றும் அதே திருத்தம் விதித்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவற்றை ஏற்றுள்ளது.

தந்தைக்கு நிலைமை வேறு. மத்திய அரசு ஊழியராயின் 15 நாள் ஊதிய விடுப்பு உண்டு. குழந்தை பிறந்த 6 மாதங்களுக்குள் அதனை எடுக்கலாம். தனியார் துறைத் தந்தைக்கு இத்தகைய உரிமையை அச்சட்டத் தொகுப்பு வழங்கவில்லை. பீன்யாவின் கடைசல் பட்டறையில் நாட்கூலிக்கு வேலை செய்பவர் குழந்தையின் துணி துவைக்க ஒருநாள் வீட்டில் தங்கினால், அன்றைய கூலி குடும்பத்திற்கு இல்லை.