51 பேரைத் தாண்டினால்தான் லாபம்

கீக்ளோக்கின் உரிமக் கட்டணம் 0 ரூபாய். ரெட் ஹாட் வளர்த்து 2014-இல் முதல் பதிப்பு வெளியிட்ட இந்தத் திறமூல மென்பொருள், 2023 ஏப்ரலில் கிளவுட் நேட்டிவ் அறக்கட்டளையின் குடைக்குள் வந்தது. சம்பளப் பட்டியல், விடுப்பு, கிடங்கு என்று அலுவலகத்தின் எல்லாச் செயலிகளுக்கும் ஒரே லாகின். யார் எதைத் திறக்கலாம் என்ற தீர்மானமும் ஒரே இடத்தில். இலவசம் என்றதும் கணக்கை மூடிவிடுகிறோம். அங்கேதான் தொடங்க வேண்டும்.

கடலூர் சிப்காட்டில் 500 பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். இதே வேலைக்குக் காசு கொடுத்து வாங்கும் மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடி பி1-இன் பட்டியல் விலை தலைக்கு மாதம் 6 டாலர். டாலருக்கு 85 ரூபாய் வைத்தால் ஒருவருக்கு ஆண்டுக்கு 6,120 ரூபாய். 500 பேருக்கு 30.6 லட்சம்.

இப்போது சொந்தச் செலவு. மாதம் 40,000 ரூபாய் வாங்கும் பொறியாளரின் நேரத்தில் கால்வாசி இதற்குப் போகிறது என்று வைப்போம்: ஆண்டுக்கு 1.2 லட்சம். ஒருவர் போதாது, அவர் சென்னையில் வேலை கிடைத்துக் கிளம்பிவிடுவார். இருவருக்கு 2.4 லட்சம். சர்வரும் தரவுத்தளமும் மாதம் 6,000 என்றால் 72,000. மொத்தம் 3.12 லட்சம். இதை 6,120-ஆல் வகுத்தால் 51. சிதம்பரத்தில் 30 பேரை வைத்து நடக்கும் நிறுவனம் காசு கொடுத்து வாங்குவதே மேல்.

சம்பளக் கணக்கைச் சிலர் கூட்டுவதே இல்லை. 26-ஆம் பதிப்பிலிருந்து ஆண்டுக்கு நான்கு சிறு வெளியீடுகள் என்பது கீக்ளோக்கின் திட்டம். அந்த நான்கையும் சோதித்து ஏற்ற ஆள் வேண்டும்.

இயந்திரச் செலவு நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. 10,000 மாணவர்கள் உள்ள ஒரு சிதம்பரம் கல்லூரியில் தேர்வு முடிவு வந்த 10 நிமிடத்துக்குள் எல்லோரும் நுழைந்தால் விநாடிக்கு 17 லாகின். விநாடிக்கு 15 பாஸ்வேர்டு லாகினுக்கு 1 விசிபியு (மெய்நிகர் சிபியு) என்பது கீக்ளோக் ஆவணத்தின் கணக்கு. அதற்கு மேல் 150 சதவீதம் கைவசம் வைக்கவும் சொல்கிறது. ஆக 3 விசிபியு. நினைவகம் ஒரு பிரதிக்கு 1,250 எம்பி, 10,000 அமர்வுகள் அதிலேயே அடக்கம். 2 விசிபியு, 4 ஜிபி கொண்ட இரண்டு சர்வர்கள் தாங்கும்.

அந்த இரண்டையும் அலுவலக அறையில் வைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபின் மின்சாரம் எத்தனை நாள் கழித்து வந்தது என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அமேசானின் மும்பை மையத்தில் தனித்தனி மண்டலங்கள் 3 உண்டு. மண்டலத்துக்கு ஒரு சர்வராகப் பிரித்து வையுங்கள்.

பழகிப் பார்க்க மடிக்கணினியில் ஒரு கன்டெய்னர், 8080 போர்ட், போதும். ஆனால் அந்தச் சோதனை முறையில் தரவு கன்டெய்னருக்குள் ஒரு கோப்பாகவே இருக்கும். அதை அழித்தால் பயனர் பட்டியலும் போகும். நிஜப் பயன்பாட்டுக்கு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வையுங்கள். பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவரைத் தடுக்கும் பூட்டு முதலில் அணைந்தே இருக்கும், நாம்தான் போட வேண்டும். தகுந்த பாதுகாப்பு எடுக்கத் தவறினால் 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி வரை.

லாகின் ஆனவருக்கு கீக்ளோக் தரும் அனுமதிச் சீட்டான டோக்கனின் ஆயுள் 5 நிமிடம். மாலை 5 மணிக்கு வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டவரின் கணக்கை அப்போதே முடக்கினாலும் 5.05 வரை சில செயலிகள் அவரை உள்ளே விடலாம். 1 நிமிடமாகக் குறைத்தால் 500 பேரும் புதுப்பிப்பது விநாடிக்கு 8 முறைதான். ஒரு விசிபியு 120 வரை தாங்கும். குறைத்துவிடலாம்.