காது கேட்கிறது, சொல் விளங்கவில்லை

"இவனுக்குக் காது கேட்காதோ?" கப்பல்துறையில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் என் மகனைப் பற்றிக் கேட்பது இதுதான். சீனி, பருப்பு, தீப்பெட்டி வாங்கிவரச் சொன்னால் தீப்பெட்டியோடு மட்டும் வருவான். "சொல்வதைக் கவனிப்பதே இல்லை" என்றார் வகுப்பாசிரியை. நானும் அதை நம்பி அவனை அடித்திருக்கிறேன்.

செவிப்புலன் பரிசோதனையில் இரண்டு காதுகளும் சரியாகவே இருந்தன. அப்படியானால் வேண்டுமென்றே செய்கிறானா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அது பிழை என்று விளங்கியது, பேச்சு, மொழிச் சிகிச்சையாளரைச் சந்தித்த பிறகுதான்.

காது ஒலியைப் பிடித்து நரம்பு வழியாக அனுப்புகிறது. அந்த ஒலியைப் பிரித்தறிந்து, சொல்லாக விளங்கிக்கொள்வது மூளை. அங்கே ஏற்படும் சிக்கலையே கேட்டல் செயலாக்கக் குறைபாடு என்கிறார்கள். வழமையான பரிசோதனை, அமைதியான அறையில் மெல்லிய ஒலி கேட்கிறதா என்றுதான் பார்க்கும். வகுப்பறையிலோ பிள்ளைகளின் இரைச்சல். மாரியில் தகரக் கூரையில் மழைச் சத்தம். அதற்குள் ஆசிரியரின் குரலைப் பிரித்தெடுக்க இந்தப் பிள்ளைகள் திண்டாடுவார்கள்.

அடிக்கடி "என்ன?" என்று கேட்பது, 'பத்து', 'பட்டு' போன்ற சொற்களை மாறி விளங்குவது, ஒரே தடவையில் சொன்ன பல வேலைகளை மறப்பது, சொல்வதெழுதலில் தடுமாறுவது ஆகியவை முக்கிய அறிகுறிகள். ஆனால் கவனக் குறைபாடு, மொழி வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளிடமும் இவை காணப்படலாம். ஆகவே பெற்றோர் தாங்களே முடிவுசெய்யக் கூடாது. இதற்கான சிறப்புப் பரிசோதனைகளைப் பொதுவாக 7 வயதுக்குப் பிறகே செய்கிறார்கள்.

சிகிச்சையில் ஒத்த ஒலிகளை வேறுபடுத்தவும், சொல்லை ஒலிகளாகப் பிரிக்கவும் பழக்குகிறார்கள். முதலில் அமைதியிலும், பிறகு சிறிது சிறிதாகச் சத்தத்தைக் கூட்டியும் கேட்கச் செய்கிறார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்வதும், விளங்காதபோது கூச்சமின்றிக் கேட்பதும் பயிற்சிதான். இது ஒரு மாதத்தில் முடியும் வேலையல்ல. பயிற்சி அறையில் கற்றது வகுப்பறைக்குத் தானாக வந்துவிடுவதுமில்லை. அதனால் வீடும் பாடசாலையும் மாறவேண்டும்.

இப்போது மகன் முன்வரிசையில் இருக்கிறான். வீட்டுப்பாடத்தை ஆசிரியை கரும்பலகையில் எழுதிவிடுகிறார். நான் தொலைக்காட்சியை நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வேலையாகச் சொல்கிறேன். இன்னமும் "என்ன அம்மா?" என்று கேட்கிறான். அடிக்குப் பயந்து விளங்கியதுபோல் தலையாட்டிய பிள்ளை அவன். இப்போது கேட்கிறானே என்று எனக்கு ஆறுதல்.