தேனடை நேராக அமையப் பெட்டி மட்டமாக இருக்க வேண்டும்

தேனீப் பெட்டியில் ஒரு சட்டத்தைத் தூக்கினால் பக்கத்துச் சட்டமும் ஒட்டிக்கொண்டு வருகிறது என்பது, புதிதாகத் தேனீ வளர்ப்போர் பலர் கூறும் குறையாகும். இரு சட்டங்களுக்கும் குறுக்கே அடை கட்டப்படுவதே இதற்குக் காரணம். அதைப் பிரித்தால் புழுக்கள் நசுங்கும். தேன் ஒழுகி எறும்பு சேரும். தேன் எடுக்கும் கருவியிலும் வைக்க இயலாது. ஆனால் பழியைத் தேனீயின் மேல் போடுவது சரியன்று.

ஏறத்தாழ 12 முதல் 18 நாள் வயதுள்ள பணித்தேனீக்களின் வயிற்றடியில் உள்ள நான்கு இணைச் சுரப்பிகளிலிருந்து மெழுகு கசிகிறது. அவை ஒன்றையொன்று பற்றித் தொங்கி, மேலிருந்து கீழ்நோக்கி அடை கட்டும். அறுகோண அறைகள் இருபுறமும் அமையும். ஒவ்வோர் அறையும் வாய்ப்புறம் சுமார் 9 முதல் 14 பாகை வரை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். புது மதுரசம் வழியாமலிருக்க இச்சாய்வு உதவுகிறது. எனவே மரப்பொந்திலிருந்து எடுத்த புழு அடையைச் சட்டத்தில் வாழைநாரால் கட்டும்போது, தலைகீழாகக் கட்டிவிடக் கூடாது.

தேனீயின் கழுத்தருகே உள்ள நுண்மயிர்கள் புவியீர்ப்பை உணர்த்துகின்றன. ஆகவே, கொத்தனார் தூக்குக்குண்டு விட்டதுபோல் அடை செங்குத்தாகவே இறங்கும். பெட்டி பக்கவாட்டில் சாய்ந்தால் சட்டமும் சாயும், அடை சாயாது. அதன் கீழ்நுனி அடுத்த சட்டத்தில் போய் ஒட்டும். தாங்கியின் மீது சட்டங்களுக்குக் குறுக்காக ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். மழைக்குப்பின் தாங்கியின் கால் மண்ணில் இறங்கியிருக்கலாம். மீண்டும் பார்ப்பது நல்லது. சட்டத்தின் நீளவாக்கில், வாசலை நோக்கிச் சிறிது சரிவு இருப்பதால் தீங்கில்லை.

வெறும் பெட்டியில் விட்ட கூட்டம், தாய்க்கூட்டில் அடை இருந்த திசையிலேயே புது அடையைக் கட்ட முனையும். இதற்குப் புவியின் காந்தப் புலம் துணைசெய்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சட்டம் வேறு திசையில் இருந்தால் குறுக்கடைதான். மேற்கட்டையின் அடியில், நடுவில், அச்சுப் பதித்த மெழுகுத் தாளை ஒட்டிவிட்டால் தேனீ அதைப் பின்பற்றும்.

தாள் வாங்கும்போது அறையை எண்ணிப் பாருங்கள். 10 சென்டிமீட்டரில் இத்தாலியத் தேனீ சுமார் 19 அறைகள் கட்டும். நம் சமவெளி இந்தியத் தேனீ 20க்கு மேல் கட்டும். இத்தாலியத் தாளின் அறை, இந்தியத் தேனீயின் ஆண் தேனீ அறை அளவை நெருங்கியது. அகன்ற அறையில் இராணி கருவுறாத முட்டையே இடும், பணித்தேனீ பெருகாது.

கோணிய அடையை முதல் வாரத்திலேயே விரலால் மெல்லத் தள்ளி நேராக்கலாம். அப்போது மெழுகு வெண்மையாக, இளக்கமாக இருக்கும்.