இடம் கொடுத்தால்தான் களை

ஹரியாணா கோதுமை வயல்களில் மண்டூசி என்றொரு புல் உண்டு. இளம் பருவத்தில் கோதுமைக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லி பல ஆண்டுகள் அதை அடக்கி வைத்திருந்தது. 1990களில் மருந்தடித்தும் புல் சாகவில்லை. நெல், கோதுமை என்று மாறாத சுழற்சி, வருடா வருடம் அதே மருந்து. தப்பிப் பிழைத்த செடிகளின் விதையே மண்ணை நிறைத்துவிட்டது. புதிய மருந்துகள் வந்தன. அவற்றுக்கும் புல் பழகிக்கொண்டது. ஆனால் பர்சீம் என்ற தீவனப் பயிர் போட்ட வயல்களில் தொல்லை குறைந்தது. தீவனத்தை அடிக்கடி அறுக்கும்போது மண்டூசியும் விதை கட்டுமுன் அறுபடுகிறது. நெல் அறுத்த நிலத்தை உழாமலே கோதுமை விதைத்த இடங்களிலும் அது குறைவாகவே முளைத்தது. நாம் பயிர் செய்யும் முறைதான் களைக்கு இடம் கொடுக்கிறது. ஆகவே மாற்றையும் அந்த முறையில்தான் தேட வேண்டும்.

நெல்லில் இதற்கு வழி தெரிந்தே இருக்கிறது. திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றை 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நடுகிறார்கள். வயலில் தண்ணீர் தேக்கி வைப்பதில்லை என்பதால் களை கூடுதலாகவே முளைக்கும். ஆனால் சதுர நடவில் கோனோவீடரை நெடுக்கிலும் குறுக்கிலும் ஓட்டலாம். பல் வைத்த இரண்டு கூம்பு உருளைகள் சேற்றைக் கிளறிக்கொண்டு போக, களை அங்கேயே அமுங்கி மட்கி உரமாகிறது. வேருக்குக் காற்றும் கிடைக்கிறது. நட்ட 10ஆம் நாள் தொடங்கி, 10 நாளுக்கு ஒருமுறை ஓட்டினால் போதும். நடவுக்கு முன்பே தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் முதல் தலைமுறைக் களையும் அதோடு மண்ணுக்குள் போய்விடும்.

ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டுபடியாகவில்லை என்பது உழவர்கள் சொல்லும் மறுப்பு. அது முழுக்க நியாயமானது. நாளெல்லாம் குனிந்து களை பறித்த பெண்களின் இடுப்பு வலியை மறந்துவிட்டுப் பழைய முறையைப் புகழ்வது அநியாயம். கோனோவீடரும் களிமண்ணில் தள்ளக் கனமானதுதான். மாற்று ஏற்பாடு இல்லாத களைக்கொல்லித் தடை நிலைக்காது என்பதற்கு இலங்கை சாட்சி: 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்த அரசு, தேயிலைக்கும் ரப்பருக்கும் 2018இல் தளர்த்த வேண்டியதாயிற்று. அதனால் கருவி முதலில் வரப்புக்கு வர வேண்டும். எடை குறைந்த, மோட்டார் பொருத்திய களையெடுப்பான்கள் டிராக்டரைப் போலவே ஊரிலேயே வாடகைக்குக் கிடைக்க வேண்டும். நேரடி விதைப்பு செய்பவர்களுக்கு டிரம் சீடரும் சேர்ந்து கிடைத்தால், வரிசை பிடித்து விதைத்து ஒரு திசையிலாவது கருவி ஓட்டலாம். மீதிக் களையைப் பறிக்கச் சில ஆட்கள் போதும்.